சாவியைத் திருப்பும் முன்

பழைய கார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தந்தை ஓட்டிய 1958-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார், அவர் ஓட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகளாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. நிறுத்திய அன்று இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை. புதிய பேட்டரி மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று என் மகன் சொல்கிறான். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பேட்டரியைக் கடைசியாக வாங்குங்கள். அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் யாராவது ஒருவர் ஆசைப்பட்டு ஸ்டார்ட்டரை இழுத்துவிடுவார். நெடுநாள் நின்ற இன்ஜின்கள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதினான்கு ஆண்டுகள் செய்யாத சேதத்தை முதல் பத்து விநாடி அவசரம் செய்துவிடும்.

ஓடும் இன்ஜினில் சிலிண்டர் சுவரின் மீது எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். இன்ஜின் நின்றுவிட்டால் அது சிறிது சிறிதாக வழிந்து அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குப் போய்விடுகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாகச் சைலன்சர் குழாயிலிருந்தோ கார்புரேட்டர் பக்கத்திலிருந்தோ ஈரக்காற்று உள்ளே புகுந்து, எண்ணெய் இழந்த சுவரில் துருவை உண்டாக்குகிறது. பிஸ்டன் ரிங்கும் வார்ப்பிரும்பு, சிலிண்டர் சுவரும் வார்ப்பிரும்பு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பசைபோல் பிடித்துக்கொள்கிறது. வால்வின் தண்டும் தன் வழிகாட்டிக் குழலுக்குள் இப்படியே ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்தால், அதன் பலத்துக்கு முன்னால் ரிங் உடையும், அல்லது வால்வு அசையாமல் நிற்க, அதைத் தள்ளித் திறக்கும் கம்பியான புஷ் ராட் வளையும்.

நான் தொழில் பழகிய காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். எட்டு ஆண்டுகள் நின்ற ஒரு காரை, பட்டறையில் இருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவசரப்படுத்தினோம். “டக்” என்று ஒரே ஒரு சத்தம். பிறகு இன்ஜின் சுதந்திரமாகச் சுற்றியது, ஆனால் மூன்று சிலிண்டர்களில் மட்டுமே வேலை செய்தது. வால்வுகளை அழுத்தும் நெம்புகோல்களான ராக்கர்களின் மூடியைத் திறந்தபோது, மூடிய நிலையில் இறுகிப்போன எக்ஸாஸ்ட் வால்வின் மேல் ராக்கர் தளர்ந்து தொங்கியது. உருவி எடுத்த புஷ் ராட், வில்லைப் போல் வளைந்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெயும் இரண்டு நாள் பொறுமையும் இருந்திருந்தால் அந்தச் செலவு உரிமையாளருக்கு வந்திருக்காது. அந்தக் கம்பி இன்றும் என் மேசையில் இருக்கிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுவதற்கு முன், அவை அமர்ந்திருக்கும் குழிகளில் சேர்ந்த மண்ணையும் தூசியையும் காற்றடித்து வெளியேற்றுங்கள்; இல்லையேல் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிளக்குகளை எடுத்த வரிசையிலேயே வைத்து ஒவ்வொன்றின் முனையையும் பாருங்கள். மூன்று கறுப்பாகவும் ஒன்று மட்டும் செந்துருவாகவும் இருந்தால், தண்ணீர் போன சிலிண்டர் எது என்று அதுவே சொல்லிவிடும். பிளக் துளை வழியே நுழையும் சிறிய கேமரா கிடைத்தால் சுவர்களையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் ஏறத்தாழ 15 மில்லி துரு இளக்கும் எண்ணெயை விட்டு, இரண்டு மூன்று நாட்கள் ஊற விடுங்கள். தினமும் சிறிதளவு சேருங்கள். ராக்கர் மூடியைக் கழற்றி, எட்டு வால்வுத் தண்டுகளின் மேலும் ஸ்பிரிங்கின் இடுக்கு வழியாக எண்ணெய் சொட்ட விடுவதை மறக்க வேண்டாம். பெரும்பாலோர் பிஸ்டனை நினைவில் வைத்துக்கொண்டு வால்வை மறந்துவிடுகிறார்கள்.

அதன் பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, உங்கள் காருடன் வந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு, முன்னாலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில், மிக மெதுவாகக் கையால் திருப்புங்கள். பிளக்குகள் வெளியே இருப்பதால் சிலிண்டரில் அழுத்தம் இராது; ஒரு கையாலேயே சுற்ற வேண்டும். மகனை ராக்கர்களுக்கு அருகே நிறுத்தி, ஒவ்வொரு வால்வும் இறங்கி மீண்டும் முழுமையாக ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றினால் எட்டு வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடியிருக்கும். எங்கேனும் தடை தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தத் தடை எதனால் என்று தெரியாமல் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

உங்கள் காரில் வால்வுகளின் இயக்கத்தைக் கிராங்கோடு இணைக்க டைமிங் செயின் இருப்பதால் அதைப் பற்றிய கவலை குறைவு. ரப்பர் டைமிங் பெல்ட் 1962-இல் வந்த ஜெர்மன் காரான கிளாஸ் 1004-இலிருந்துதான் கார் இன்ஜின்களுக்குள் நுழைந்தது. பெல்ட் உள்ள காரை வைத்திருக்கும் வாசகர்கள், பழைய பெல்ட்டுடன் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பார்க்க நன்றாக இருந்தாலும் புதியது மாட்டிய பிறகே சாவியைத் தொடுங்கள்.

கேள்வி: என் காரின் இன்ஜின் முழுவதும் ஜாம் ஆகிவிட்டது, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானர் போட்டுத் திருப்பினாலும் மயிரிழைகூட அசையவில்லை. டாப் கியரில் போட்டு வேறொரு வண்டியால் இழுக்கச் சொல்கிறார்கள். இழுக்கலாமா?

பதில்: இழுக்கவே வேண்டாம். ஜாம் ஆனது இன்ஜின்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். டைனமோவோ தண்ணீர்ப் பம்போ இறுகியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் ஃபிளைவீலின் பற்களில் சிக்கி நிற்பதும் பழைய கார்களில் சாதாரணம். பழைய பிரிட்டிஷ் கார்களின் ஸ்டார்ட்டர் பலவற்றில் பின்முனையில் சிறிய தகர மூடி ஒன்று இருக்கும். அதை எடுத்தால் சதுர வடிவத் தண்டு தெரியும். அதை ஸ்பானரால் திருப்பினால் சிக்கிய பல் விடுபட்டு விலகிவிடும். இதை அறியாமல் இன்ஜினையே பிரித்தவர்களை நான் அறிவேன்.

உண்மையிலேயே பிஸ்டன்தான் பிடித்திருக்கிறது என்றால், ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து பிளக் துளைகளில் ஊற்றுவது பலரும் கைக்கொள்ளும் முறை. என் அனுபவத்திலும் பலன் தந்திருக்கிறது. இரண்டும் பிரிந்து நிற்கக்கூடியவை என்பதால் ஊற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், காரின் வண்ணப்பூச்சையும் கரைக்கும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். ஒரு வாரம், தேவையானால் இரண்டு வாரம் ஊறட்டும்.

பிறகு புல்லி நட்டில் நீளக் கைப்பிடியுள்ள ஸ்பானரைப் போட்டு, சுற்ற முயலாமல் ஆட்ட முயலுங்கள். இப்படிச் சிறிது, அப்படிச் சிறிது. பின்பக்கம் ஆட்டும்போது நட்டே கழன்று வரலாம் என்பதைக் கவனியுங்கள். ஊசிமுனை அளவு அசைந்தாலும் வெற்றிதான், ஆனால் மகிழ்ச்சியில் உடனே முழுச்சுற்றுச் சுற்றிவிடாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டு, மறுநாள் சற்றுக் கூடுதலாக ஆட்டுங்கள். ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகிப் பலம் கூட்டத் தோன்றினால், அன்றைய வேலையை அத்துடன் நிறுத்திவிடுவது நல்லது. இரண்டு வாரம் ஊறியும் அசையாத இன்ஜினில், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுங்கள். அப்போது எந்த பிஸ்டன், எவ்வளவு துரு என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த பிஸ்டனின் மேல் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டலாம். விடுபட்ட பிறகு, ஊற்றிய கலவை ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்பில் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெயை மாற்றியே தீர வேண்டும்.

கேள்வி: ஆயில் அளவுக் கம்பியில் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரிகிறது. அப்படியும் மாற்ற வேண்டுமா? எந்த எண்ணெய் ஊற்றுவது?

பதில்: கம்பி காட்டுவது மேல்மட்டத்தை மட்டும்தான். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. சம்ப்பின் அடியில் தங்கிவிடும். வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். எண்ணெய்க்கு முன் தெளிந்த நீர் வந்தால், அது வெறும் ஈரத்தால் சேர்ந்ததா, ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வழியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் அளவு குறைந்திருந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள். தயிர்போலக் கெட்டியான கசடு வந்தால் சம்ப்பையே இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலைச்சல்லடை அடைபட்டிருந்தால், புது எண்ணெயும் பேரிங்குகளுக்குப் போய்ச் சேராது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. பழைய இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட், அந்த அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் தட்டையான டேப்பெட்டின் மேல் உரசியபடியே ஓடுகிறது. அந்த உரசலில் உலோகத்தைக் காப்பது எண்ணெயில் சேர்க்கப்படும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். இன்றைய கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த, அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்எம் என்ற எண்ணெய்த் தரத்திலிருந்து 10டபிள்யூ-30 வரையிலான மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவு 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஆகவே விலை உயர்ந்த நவீன மெல்லிய எண்ணெயைவிட, பழைய இன்ஜின்களுக்கென்றே துத்தநாகம் குறையாமல் தயாரிக்கப்படும் 20டபிள்யூ-50 போன்ற எண்ணெய்தான் அந்தக் காலப் பிரிட்டிஷ் இன்ஜின்களுக்குப் பொருந்தும். மற்ற கார்களுக்கு அவற்றின் கையேடு சொல்லும் தடிமனைப் பின்பற்றுங்கள்.

புது எண்ணெயும் ஃபில்டரும் போட்ட பிறகு, எண்ணெய் எல்லா இடங்களையும் அடையும் வரை இன்ஜினை எரியவிடக் கூடாது. பிளக்குகள் வெளியே இருக்கட்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இப்போது பேட்டரியை இணைத்து, பத்து விநாடி ஸ்டார்ட்டர், ஒரு நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் சுற்ற விடுங்கள். சிவப்பு விளக்கு அணையும், அல்லது அழுத்தமானியின் முள் எழும்; ஆனால் நான் நம்புவது ராக்கர்களைத்தான். அங்கே எண்ணெய் ஊறி வழிவதைக் கண்ட பிறகே பிளக்குகளை மாட்டுவேன். ஐந்தாறு முறை சுற்றியும் வரவில்லை என்றால், பம்ப் வறண்டு உறிஞ்சும் திறனை இழந்திருக்கிறது. அதற்குள் எண்ணெய் நிரப்பிய பிறகே தொடர வேண்டும். இந்த இடத்தில் பேட்டரியின் முனைகளையும் சரிபாருங்கள்: 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும், அவற்றைவிடப் பழைய கார்கள் பலவும் 6 வோல்ட்டில் ஓடுபவை.

கேள்வி: டேங்கில் பாதி பெட்ரோல் அப்படியே இருக்கிறது. அதன் மேல் புதுப் பெட்ரோல் ஊற்றினால் கலந்து சரியாகிவிடாதா?

பதில்: ஆகாது. பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. எளிதில் ஆவியாகும் பகுதியும் மெதுவாக ஆவியாகும் பகுதியும் சேர்ந்தது. இன்ஜின் குளிர்ந்த நிலையில் பற்றிக்கொள்ள உதவும் முதல் பகுதி பறந்துபோய்விட, மிஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாகிவிடும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: பெட்ரோலின் கூரிய வாசனைக்குப் பதில் பழைய வார்னிஷ் டப்பாவின் புளித்த நெடி வந்தால் அது எரிபொருள் அல்ல. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஓர் அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் இறங்கி, டேங்கை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும். முழுவதையும் வடித்துவிடுங்கள். ஒரு வேண்டுகோள்: நிறைந்த டேங்கைவிடக் காலியான டேங்க்தான் ஆபத்தானது. வடித்த பிறகும் உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். வெல்டிங்கையோ கிரைண்டரையோ அதன் அருகே கொண்டுவர வேண்டாம்.

டேங்கைச் சீர்செய்வது நாட்கள் பிடிக்கும் வேலை. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், சிறிய கேனில் புதுப் பெட்ரோலை எடுத்துப் புது ஹோஸ் வழியாக நேரே பம்ப்புக்குக் கொடுத்து இன்ஜினைச் சோதிக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ்களை, அவை நன்றாகத் தெரிந்தாலும், எத்தனாலைத் தாங்கும் புதியவற்றால் மாற்றிவிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே விரிசல்விட்ட ஹோஸ் இருப்பது காரையே எரித்துவிடும். இன்ஜினால் இயங்கும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் சம்ப்பில் இறங்கும். எண்ணெயின் அளவு தானாகக் கூடினால் அதைச் சந்தேகியுங்கள். மின்சாரப் பம்ப் உள்ள கார்களில் அதன் உள்முனைகள் பாசிபிடித்து ஓசையின்றி நிற்கும்.

கார்புரேட்டரைப் பிரிக்கும்போது நான் வாசகர்களிடம் மன்றாடிக் கேட்பது ஒன்றே: ஜெட்டின் துளையில் கம்பியை விடாதீர்கள். பித்தளை மென்மையானது, அந்தத் துளையின் அளவில் ஏற்படும் சிறு மாறுதலும் கலவையை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் வரும் எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால், அதற்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். “டொக்” என்று தெளிவான ஓசையுடன் அது இறங்கி அமர வேண்டும். ஃப்ளோட் ஊசி ஒட்டியிருந்தால் பெட்ரோல் வழிந்து இன்ஜின் மேல் கொட்டும். ஆகவே முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் கையில் தீயணைப்பான் இருக்கட்டும்.

கேள்வி: பிளக்கில் பொறி வரவில்லை. காயில் கெட்டுவிட்டதா?

பதில்: பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். நின்ற கார்களில் பத்துக்கு ஒன்பது முறை குற்றவாளி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயின்ட்டின் மேல் படிந்த பாசிதான். நுண்ணிய உப்புத்தாளை இடையில் வைத்து இழுத்து, பிறகு சுத்தமான அட்டைத் துண்டால் துடைத்து, இடைவெளியைக் கையேட்டின்படி வையுங்கள். லூக்காஸ் நிறுவனத்தின் டிஸ்ட்ரிபியூட்டர்களில் அது பெரும்பாலும் 0.35 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும்.

கேள்வி: என் கார் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இன்றைய பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜின் பாழாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம், கவனம் போதும். 1923-இல் விற்பனைக்கு வந்த ஈயப் பெட்ரோல், 2021-இல் அல்ஜீரியா கைவிட்டதோடு சாலை வாகனங்களைப் பொறுத்தவரை உலகில் எங்கும் இல்லாமல் போயிற்று. இத்தனை பழைய கார்கள் அதன் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்ஜினுக்குள் எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்து “இடிக்காமல்” இருக்கவே ஈயம் சேர்த்தார்கள். எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தில் அது ஒரு காப்புப் படலமாகவும் படிந்தது. அது இல்லாதபோது, மென்மையான இருக்கை தேய்ந்து வால்வு மெல்ல உள்ளே இறங்கும். ஆனால் இது நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓடும் கார்களில்தான் பெரிதாகத் தெரியும். டேப்பெட் இடைவெளியை அடிக்கடி அளந்து எழுதி வாருங்கள். எக்ஸாஸ்ட் பக்க இடைவெளி தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் மட்டும், ஹெட்டைக் கழற்றிக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்துங்கள். அதற்காக இப்போதே நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

கேள்வி: பதினோரு ஆண்டுகளுக்குப் பின் நேற்று இன்ஜின் ஓடியது. எங்கள் வீடே கொண்டாடியது. ஆனால் நீலப்புகை வருகிறது; கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம், ஒரு சிலிண்டரில் மற்றவற்றில் பாதிதான். இன்ஜினை முழுவதும் பிரித்துச் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: வாழ்த்துகள். பிரிப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நின்ற இன்ஜினின் முதல் நாள் அளவு அதன் உண்மையான அளவு அல்ல. நீங்கள் விட்ட எண்ணெயே முதலில் புகையும். ரிங்குகள் பள்ளங்களில் ஒட்டிக் கிடக்கும். வால்வின் இருக்கையில் துருத்துகள் இருக்கும். ஓடும்போது இவை பெரும்பாலும் தாமாகவே சரியாகும். குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டியபின் மறுபடி அளந்து, அப்போதும் பாதியிலேயே நின்றால் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.

ஆனால் சாலைக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு வேலைகள். நெடுநாள் நின்றதில், குளிர்விக்கும் நீர் ஓடும் இன்ஜின் பிளாக்கின் அடியில் செந்துருச் சேறு தங்கியிருக்கும். ரேடியேட்டரையும் பிளாக்கையும் தனித்தனியே தண்ணீர் விட்டு அலசுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கும் நீரில் போட்டால் கண்முன்னே திறக்க வேண்டும். அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பதினோரு ஆண்டுகளில் சக்கரச் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும். இன்ஜின் ஓடிவிட்ட மகிழ்ச்சியில் பிரேக்கைப் பார்க்காமல் வெளியே எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய ஆபத்து. முதல் நூறு கிலோமீட்டருக்குள் எண்ணெயை மறுபடியும் மாற்றிவிடுங்கள். கழுவி வந்த அழுக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: மீண்டும் நின்று கெடாமல் இருக்க, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

பதில்: அக்கறையோடு செய்யப்படும் தவறு இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. இன்ஜின் முழுச்சூடு ஏறினால் அது வெளியேறும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் குளிர்ந்த எண்ணெயிலும் சைலன்சரிலும் நீராகத் தங்கிவிடும். மாதம் ஒருமுறை இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடாமல் விடுங்கள்: எண்ணெயை மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு, பிளக் துளைகளில் எண்ணெய் விட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஈரமும் எலியும் புகாமல் சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் எண்ணெய்த் துணியை அடையுங்கள். எங்கெங்கே துணி வைத்தீர்கள், என்றைக்கு வைத்தீர்கள் என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்து அந்தக் கதவைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.